இரண்டு மணி மேடு

பாப்பா தூங்கிச் சரியாக ஆறு நிமிடம். சேலைத் தொட்டிலில் கட்டிய கயிற்றை இடது கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டு, வலது கையில் மௌசைப் பிடித்திருந்தேன். திரையில் பச்சைக் கோடு தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. ஒன்று ஐம்பத்தைந்துக்கு லேசாகத் தலையைத் தூக்கியது. இரண்டு மணிக்கு மேடாகிவிட்டது.

"வந்துட்டியா?" என்று வாய்விட்டே கேட்டேன்.

அன்று ஆறாவது நாள். தினமும் அதே மேடு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எழும்பும், மூன்று, மூன்றரை வரை நிற்கும். ஒருநாள் பாப்பா அதிசயமாக நான்கு மணிவரை தூங்கினாள். அன்று பார்த்து மேடும் நான்கு மணிவரை நின்றது. ஆனால் அவள் எழுந்து அழுகிற நேரத்துக்கு அதுவும் அடங்கிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்கத் தேவையில்லை, ஏதோ என் நல்ல காலம் என்றுதான் நினைத்தேன்.

என்ன கோடு, என்ன மேடு என்று கேட்பீர்கள். நீங்கள் போனில் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால், எங்கோ கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் ஓடும் ஒரு கொம்பியூட்டர்தான் அதை எடுத்து உங்களுக்குத் தருகிறது. அதைத்தான் சேர்வர் என்கிறோம். ஒரே நேரத்தில் நிறையப் பேர் கேட்டால் அதற்கு மூச்சு வாங்கும். ரொம்பவும் கேட்டால் மயங்கி விழுந்துவிடும். அந்த மூச்சை வரைபாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. பச்சைக் கோடு சேர்வரின் உழைப்பு. சிவப்புக் கோடு, ஒரு பக்கம் திறக்க எத்தனை வினாடி எடுக்கிறது என்பது. இரண்டும் தாழ்ந்திருந்தால் எனக்குச் சோறு இறங்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதில், என் கணவர் சுரேன் தன் கடையில் மிளகு மூட்டைமேல் சாய்ந்து குறட்டை விட்டதை ஒரு வரி சேர்த்திருந்தேன். பத்திரிகை வந்த அன்றே மூன்று பேர் கடைக்கு வந்து, "மொதலாளி, தூங்கி எந்திரிச்சாச்சா?" என்று கேட்டார்களாம். "இனி கடையப் பத்தி ஒரு வரி எழுதின, பாத்துக்க" என்றார். இந்த வாரம் கடை இல்லாமல் எழுத முடியவில்லை. எழுதி முடித்துவிட்டுத்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு தடவை ஆயிற்று

பிரசவ விடுமுறை முடிந்ததும் கொழும்புக்கு வர முடியாது, மாத்தளையிலேயே இருந்து வேலை செய்கிறேன் என்று மேலாளர் ரவீந்திரன் சாரிடம் கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.

"மூணு மாசம் பாப்போம் திவ்யா. நீங்க பாக்குற சேர்வர் ரெண்டு தடவ விழுந்துச்சுன்னா கொழும்புக்கு வந்துரணும். அதுக்கு மேல என்னால பதில் சொல்ல ஏலாது."

கொழும்பு என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு போடிங் அறை. பாப்பா நாத்தனார் வீட்டில். அவளுக்கு அப்போது ஏழு மாதம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பஸ்ஸை விட்டிறங்கி நான் போய் நிற்கும்போது என்னை அடையாளம் தெரியுமா அவளுக்கு? நாத்தனாரின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? இதை நான் சுரேனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும்போல் இருந்தது.

இரண்டில் ஒரு தடவை ஏற்கெனவே விழுந்துவிட்டது. மேடு தொடங்குவதற்கு முந்தைய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டரை. இருபது நிமிடம் ஒன்றுமே திறக்கவில்லை.

அந்தச் சேர்வரில் இருந்தது ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு தளம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குப் பழைய வினாத்தாள்களும் ஒன்லைன் மாதிரிப் பரீட்சைகளும் இலவசமாகக் கிடைக்கும். தோட்டத்துப் பிள்ளைகள்தான் அதிகம். உதவி இலக்கத்துக்கு வரும் அழைப்புகள் என்னிடம்தான் வரும். அன்று பல்லேகமப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பேசினார்.

"மிஸ், பிள்ள பாதி கணக்கு செஞ்சிக்கிட்டு இருந்துச்சு. எல்லாம் வெள்ளையா போச்சு. சிக்னல் கெடைக்கணும்னு மேட்டுல ஏறி ஒக்காந்து செஞ்சது மிஸ். இப்ப எறங்க மாட்டேங்குது, அழுவுது."

மன்னிப்புக் கேட்டேன். வேறென்ன சொல்ல? அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி மிஸ், நீங்க என்ன செய்வீங்க" என்று சொல்லிப் போனை வைத்தார். அந்தக் குரல் மூன்று நாள் காதில் நின்றது.

அடுத்த பெரிய மாதிரிப் பரீட்சை அதே மாதம் ஒரு சனிக்கிழமை. மலையகம் முழுவதும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். நேரம் பிற்பகல் இரண்டு மணி. மேடு எழும்பும் அதே இரண்டு மணி.

"அதுக்குள்ள அந்த மேடு என்னான்னு கண்டுபுடிங்க. அதுக்கு மேல பிள்ளைங்களும் வந்து ஏறினா சேர்வர் தாங்காது" என்றார் சார்.

பச்சைப் பட்டையின் ஓரம்

வரைபு என்றாலே எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து கை வியர்க்கும். சாதாரண தரப் பரீட்சைக்கான வகுப்பில் கணிதப் பாடத்துக்கு வரைபுத்தாள் தருவார்கள். புள்ளியைக் குறிப்பேன். சரியா என்று பார்ப்பேன். அழிப்பேன். மறுபடி அதே இடத்தில் குறிப்பேன். கடைசியில் அந்த இடத்தில் தாளே ஓட்டையாகிவிடும். ஒருமுறை மிஸ் தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். வகுப்பே சிரித்தது. விடை என்னவோ சரிதான்.

பாப்பா பிறந்ததும் இன்னொரு வரைபு வீட்டுக்கு வந்தது. கிளினிக்கில் தரும் பிள்ளையின் புத்தகத்தில் எடைக்கென்று ஒரு பக்கம். பச்சைப் பட்டை, அதற்குக் கீழே மஞ்சள். மாதம் ஒரு முறை மிட்வைஃப் குமாரி மிஸ் எடை பார்த்து ஒரு புள்ளி வைப்பார். முதல் ஐந்து புள்ளிகள் பச்சையின் நடுவில் மேலே மேலே போயின. ஆறாவது, ஐந்தாவதைவிட மேலே ஏறாமல், பச்சையின் அடி ஓரத்தில் போய் உட்கார்ந்தது.

"பயப்பட ஒண்ணும் இல்ல. அடுத்த மாசம் பாப்போம்" என்றார் குமாரி மிஸ். பல்லேபொலவில் வளர்ந்த சிங்களப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவார். என்னைவிட இரண்டு வயது இளையவர்.

அடுத்த மாதமா? வேலையில் நான் நிமிடத்துக்கு நிமிடம் புள்ளி பார்க்கிறவள்.

சுரேனின் கடை மாத்தளை டவுனில், பிரதான வீதியில். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விளையும் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்குகிற கடை. அங்கே கிராம் வரைக்கும் காட்டும் நல்ல தராசு இருக்கிறது. தினமும் பதினொரு மணிக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போவேன். தட்டில் துவாயை விரித்து, பாப்பாவின் சட்டையைக் கழற்றி மெதுவாகக் கிடத்துவேன். மிளகு விற்க வந்தவர்கள் சாக்கோடு வரிசையில் நிற்பார்கள்.

"மொதலாளி, ஈரப்பதம் பாத்தீங்களா?" என்று கேட்டார் பல்லேபொலவிலிருந்து வரும் முத்தையா மாமா. மிளகில் ஈரம் இருந்தால் எடை கூடுதலாகக் காட்டும் என்று அவரிடம்தான் சுரேன் வாரா வாரம் சண்டை பிடிப்பார்.

"ஈரம் இருக்கு மாமா. கழிச்சித்தான் போடணும்" என்றார் சுரேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் எடை இருநூறு கிராம் குறைந்திருந்தது. அங்கேயே நின்று அழுதேன். முந்தின நாள் துவாயின் எடையைக் கழிக்க மறந்துவிட்டோம் என்று சுரேன் ஞாபகப்படுத்திய பிறகும் இன்னொரு முறை நிறுத்துப் பார்த்தேன். அன்று மாலை ஒரு காரியம் செய்தேன். ஒபிஸின் வரைபுக் கருவியிலேயே, வாடிக்கையாளர்களின் சேர்வர்களுக்குக் கீழே, 'பாப்பா' என்று ஒரு பக்கம் திறந்து தினசரி எடையைப் போட ஆரம்பித்தேன். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

மிளகு விலையா இது?

மேட்டின் காரணத்தைத் தேடத் தொடங்கினேன். பிற்பகல்தான் எனக்குக் கிடைத்த நேரம். பாப்பா விழித்திருக்கும்போது இரண்டு கையும் அவளுக்கு.

அவள் தூங்கியதும் லெப்டொப்பில் எல்லா வரைபுகளையும் திறப்பேன். உழைப்பு, நினைவகம், வட்டு, பக்கம் திறக்கும் நேரம், எல்லாமே முப்பது நாளுக்கு. ஒவ்வொன்றும் ஐந்து வினாடிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்தேன். போனிலும் அதே பக்கம். பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போது பார்க்கக் கையடக்கமான டெப் கொம்பியூட்டர் ஒன்று. வீட்டு இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? கடைக் கொம்பியூட்டரிலும் திறந்து வைக்கச் சொன்னேன்.

"ரெண்டு மணிக்குத் தொறந்திருங்க. செவப்புக் கோடு மேல போனா உடனே எனக்கு போன் அடிங்க."

"நான் மிளகு நிறுக்கிறதா, கோடு பாக்கிறதா?"

"ரெண்டும்தான்."

திறந்து வைத்தார். அன்று மாலை சொன்னார்: "உன்னால கடையில பெரிய கலாட்டா. முத்தையா மாமா அந்தக் கிராப்ப பாத்துட்டு, மிளகு விலையா இதுன்னு கேக்குறாரு. இல்ல மாமான்னா நம்ப மாட்டேங்குறாரு. 'மேலதானே போவுது, அப்ப ஏன் எனக்கு நேத்து வெல போடுறே'ன்னு ஒரே சண்ட."

மேடு குறையவில்லை. உயர்ந்தது. அது உயர உயர நான் இன்னும் கூர்ந்து பார்த்தேன். யாரோ வேண்டுமென்றே தாக்குகிறார்களோ? தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்ற அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். புதிதாக யாரும் இல்லை. வருகைகளும் கூடவில்லை. யாருமே வராமல் ஒரு சேர்வருக்கு எப்படி மூச்சு வாங்கும்?

இடையிடையே பாப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு சூடாக வந்து படும். சில நேரம் அதிலேயே அவள் விழித்துக்கொள்வாள்.

கரண்ட் போன வியாழன்

பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தது. அன்று கிளினிக். நம்பர் எடுக்க ஒன்றரைக்குள் போக வேண்டும். புறப்படுகிற நேரத்தில் கரண்ட் போயிற்று. எங்கள் தெருவில் மட்டுமா என்று சுரேனுக்கு அடித்தேன்.

"கடையிலயும் இல்ல. டவுன் முழுக்கவே இல்லயாம்."

போனில் சார்ஜ் இல்லை. கிளினிக்கில் என் நம்பர் வருவதற்குள் அது அணைந்துவிட்டது. மணி ஒன்று ஐம்பது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்தேன். பக்கத்திலிருந்த அம்மாவிடம் போன் கேட்கலாமா? கேட்டு, என் கடவுச்சொல்லை அதில் போடலாமா? கூடாது. மறுபடி உட்கார்ந்தேன். இந்நேரம் விழுந்திருக்கும். சார் எனக்கு அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். சுவரில் இருந்த கடிகாரத்தின் நொடிமுள் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டு நின்றது. பாப்பா என் தாலிக்கொடியை வாயில் போட்டுச் சப்பினாள்.

குமாரி மிஸ் அவளைத் தூக்கினார். கழுத்தருகே மூக்கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, பிள்ளகிட்ட மிளகு வாசன வருதே?"

துவாய். தினமும் தராசில் விரித்த அதே துவாய். பொய் சொல்ல வாய் எழவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தராசு, துவாய், பதினொரு மணி, வரைபு. அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"பதினொரு மணிக்குத்தானே இவ தூங்குற நேரம்? புத்தகத்துல நீங்களே அப்பிடித்தான் எழுதியிருக்கீங்க."

"முந்தி அப்பத்தான் தூங்குவா மிஸ்."

"இப்ப அந்த நேரத்துக்குச் சட்டையக் கழட்டி, குளிர்ந்த தட்டுல போட்டு, மிளகுக்காரங்க எல்லாரும் சுத்தி நிண்டு பாத்தா... ஐயோ பாவம். நானா இருந்தா நானும் பால் குடிக்க மாட்டேன்."

தராசில் போட்டார். பாப்பா கூடியிருந்தாள். நிறைய இல்லை, ஆனால் கூடியிருந்தாள். புள்ளி பச்சைக்குள்தான் விழுந்தது. பேனாவை மூடும்போது சொன்னார்: "எனக்கு மாசத்துக்கு ஒரு புள்ளி போதும் அம்மா. கடைத் தராசுல மிளக போடுங்க."

நம்மவர்

வீட்டுக்கு வரும்போது மணி நான்கரை. கரண்ட் வந்திருந்தது. செருப்பைக் கழற்றாமலே போனைச் சார்ஜில் போட்டேன், லெப்டொப்பைத் திறந்தேன். தவறிய அழைப்பு ஒன்றும் இல்லை. வரைபைப் பார்த்தேன்.

மேடு இல்லை.

ஒன்று ஐம்பதிலிருந்து நான்கு வரைக்கும் பச்சைக் கோடு தரையோடு தரையாகப் போயிருந்தது. கருவி பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தகவல் வராவிட்டால் கோடு அறுந்திருக்கும். இது எங்கும் அறுபடவில்லை. சேர்வர் கொழும்பில். மாத்தளையில் கரண்ட் போனால் அதற்கென்ன? மாத்தளையில் கரண்ட் போனதற்கும் கொழும்பில் ஒரு மேடு காணாமல் போனதற்கும்...

செருப்போடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எங்கள் ஒபிஸில் ஒரு வழக்கம் உண்டு. வருகை அறிக்கையில் எங்கள் ஊழியர்களைச் சேர்க்கமாட்டோம். நாங்கள் தளத்தைத் திறப்பது வேலைக்காக, அது வருகையாகாது. அதனால் ஒவ்வோர் ஊழியரின் இணைப்பையும் 'நம்மவர்' என்ற பட்டியலில் போட்டுவிடுவோம், அறிக்கை அவர்களை வடிகட்டிவிடும். வீட்டிலிருந்து வேலை தொடங்கிய முதல் வாரமே, யாரும் சொல்லாமல், வீட்டு இணைப்பு, என் போன், கடை இணைப்பு மூன்றையும் நானே அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தேன். அவ்வளவு ஒழுங்கு.

வடிகட்டியை எடுத்துவிட்டு அறிக்கையை மறுபடி திறந்தேன். மேட்டின் நேரத்தில் அந்தச் சேர்வரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் முதல் மூன்று வரியில் இருந்தார்கள். என் வீடு. என் கடை. என் போன்.

எங்களுடையது சின்னக் கம்பனி. வரைபு போடும் கருவியும் வினாத்தாள் தளமும் ஒரே சேர்வரில்தான். முப்பது நாள் வரைபை ஒருமுறை கீறித் தருவதே அதற்குப் பெரிய வேலை. நான் அதை நான்கு திரையில், ஐந்து வினாடிக்கு ஒருமுறை கீறச் சொன்னேன். முதல் தடவை விழுந்த பயத்தில் லெப்டொப்பில் மட்டும் திறந்து பார்த்த நாட்களிலிருந்தே, பாப்பா தூங்கும்போது தொடங்கினேன், எழும்பியதும் நிறுத்தினேன்.

முதல் தடவை விழுந்த செவ்வாய்க்கிழமையையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் நான்தான். அன்று பாப்பாவுக்கு லேசான காய்ச்சல். மேலாளர் கேட்பாரோ என்று எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது ஞாபகம் வந்தது. மேட்டில் ஏறி உட்கார்ந்து கணக்குச் செய்த அந்தப் பிள்ளையின் திரையை வெள்ளையாக்கியது நான்.

அன்று மாலை முழுக்க ஒரே யோசனை. நான்கு திரைகளையும் சத்தமில்லாமல் மூடிவிடலாம். மேடு வராது. எப்படி என்று சார் கேட்டால், 'தானாகவே சரியாகிவிட்டது' என்று சொல்லலாம். சேர்வர்களுக்கு அப்படி நடப்பதுண்டு. யாருக்கும் தெரியாது. ஆனால் முதல் தடவை விழுந்ததற்குக் காரணம் தெரியாமல் சார் சனிக்கிழமைவரை எப்படித் தூங்குவார்? நான் எப்படி?

எது விழுந்தாலும் ஒரு பக்க அறிக்கை எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. 'காரணம்' என்ற இடத்தில் ஆளின் பெயரைப் போடக் கூடாது. நான் எழுதினேன்: 'காரணம்: கண்காணிப்பவர்.' அனுப்பினேன். அனுப்பியதை நான்கு தடவை திறந்து வாசித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சார் அழைத்தார்.

"ஆளப் போடக் கூடாதுன்னு தெரியும்தானே திவ்யா?"

"பேர் போடல சார்."

"கண்காணிக்கிறது ஒரே ஒரு ஆளு. மொதல் தடவ விழுந்ததுமா?"

"அதுவும் நான்தான் சார்."

அவர் எதையோ தட்டுவது கேட்டது.

"இதுல 'பாப்பா'ன்னு ஒரு பேஜ் இருக்கே. அது எந்தக் கஸ்டமரு?"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. "அது என் மக சார்."

மறுபடி தட்டும் சத்தம். பிறகு, "எட கூடியிருக்கா?"

"கூடியிருக்கு சார்."

"நல்லது. அந்தப் பேஜ அழிச்சிருங்க. நம்மவர் லிஸ்ட்ல உள்ள எல்லாரையும் இப்ப எடுத்துட்டேன், இனி யாரு தொறந்தாலும் தெரியும். நாளைக்கு ரெண்டுலருந்து நாலு வரைக்கும் நீங்க எதையும் தொறக்காதீங்க. ஆபத்துன்னா அலாரம் உங்க போனுக்கு வரும், அப்ப தொறங்க. வரலன்னா ஒண்ணுமில்ல. நாளைக்கு விழுந்தா அது ரெண்டாவது. விழாட்டி வீட்டுலருந்தே செய்யலாம்."

கடைக் கொம்பியூட்டரையும் மூடச் சொன்னேன். "அப்பாடா" என்றார் சுரேன். "இனி மிளகு விக்க வாறவன் மிளக மட்டும் பாப்பான்."

சனிக்கிழமை

லெப்டொப்பையும் டெப்பையும் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சாவியைச் சீனிப் போத்தலுக்குள் போட்டேன். போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தேன்.

ஒன்று ஐம்பதுக்குப் பாப்பா தூங்கினாள். இரண்டு மணி. இந்நேரம் பிள்ளைகள் உள்ளே வருவார்கள். பல்லேகமப் பிள்ளை மேட்டில் ஏறியிருக்கும். மழை வராமல் இருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தேன். மூடினேன். சீனிப் போத்தலைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

தொட்டிலருகே போய் விரலை நீட்டினேன். பாதி வழியில் நிறுத்தினேன். சேலையின் மடிப்பு மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மணிக்குத் திடீரென்று சங்கீதம். அலாரம்! பாய்ந்து போனை எடுத்தேன். தெருவில் பாட்டுப் போட்டு ரொட்டி விற்கும் பாண் ஆட்டோ. அதன் பாட்டு இரண்டு வீடு தள்ளி நின்று, பிறகு மெல்லத் தேய்ந்து போயிற்று. பாப்பா அசையவே இல்லை. போனை மறுபடி கவிழ்த்து வைத்தேன்.

நான்கு மணி தாண்டிப் போன் உண்மையிலேயே அடித்தது. உதவி இலக்கத்துக்கு வந்த அழைப்பு. விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"மிஸ், பல்லேகமயில இருந்து பேசுறேன். அண்டைக்கி பேசினேனே." அந்தக் குரல்.

"சொல்லுங்கம்மா."

"ஒண்ணுமில்ல மிஸ். பிள்ள முடிச்சிருச்சி. சொல்லணும்னு தோணுச்சி. கீழ எறங்கி வந்து சோறு கேக்குது."

சீனியைக் கிளறிச் சாவியை எடுத்தேன். விரலெல்லாம் சீனி. லெப்டொப்பைத் திறந்தேன். இரண்டு மணிக்கு மெல்ல ஏறி, நான்கு மணிக்கு மெல்ல இறங்கிய ஒரு சின்னக் குன்று. அத்தனையும் பிள்ளைகள். மூன்று ஏழுக்கு மட்டும் அதன்மேல் ஒற்றை முள் ஒன்று குத்திட்டு நின்றது.

சார் அடித்தார். "திவ்யா, வீட்டுலயே இருந்து செய்யுங்க. மேலயும் சொல்லிட்டேன். ஆனா அந்த மூணு ஏழு?"

"நான் இல்ல சார்!"

"அப்ப யாரு?"

அறிக்கையைத் திறந்தேன். இனி யாரையும் அது ஒளிப்பதில்லை. மூன்று ஏழு, ஒரே ஒரு தடவை. அந்த இணைப்பை எனக்குத் தெரியும்.

பாப்பா எழுந்ததும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். சுரேன் தராசின் முன்னால் குனிந்து நின்றார். முத்தையா மாமா சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மூணு மணிக்கு மேல என்ன செஞ்சீங்க?"

"மிளகு நிறுத்தேன்."

"மூணு ஏழுக்கு?"

சுரேன் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்தையா மாமாதான் பதில் சொன்னார்.

"அந்த வெலப் படத்தத் தொறந்தாரு தங்கச்சி. ஒரு தரம் பாத்தாரு, ஒடனே மூடிட்டாரு. என்னா மொதலாளின்னேன். 'எறங்கித்தான் இருக்கு மாமா'ன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறாரு. மிளகக் கொண்டாந்து வச்சிக்கிட்டு நிக்கிறேன், எனக்கு முன்னாடியே சிரிக்கிறாரு!"

"உன்னயத்தான் பாக்கக் கூடாதுன்னாங்க" என்றார் சுரேன். "என்னய யாரும் சொல்லல."

சார் சொன்னதைச் சொன்னேன். அவர் மிளகுத் தூசி படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். தராசுக்கு மேலாகப் பாப்பாவை அவர் கையில் கொடுத்தேன். பாப்பா தும்மினாள்.

"இதையும் எழுதிராத" என்றார்.

"இல்ல" என்றேன்.